நடு நாக்கு

அத்தியாயம் 9

"நான்தான் எடுத்து எறிஞ்ச எண்டு சொன்னா விட்டுடுவாங்களா காக்கா?"

கல்முனைப் பொலிஸ் நிலையக் கூண்டுக் கம்பிகளுக்கு அப்பால் சுவரில் சாய்ந்திருந்த கலந்தர், அப்துல் ஹமீடை அண்ணன் முறை வைத்து இப்படிக் கேட்டார்.

"எங்க எறிஞ்ச எண்டு கேப்பாங்களே," என்றார் ஹமீட்.

"அதுதான் எனக்குத் தெரியாதே."

கலந்தர் கல்முனை பஸ் நிலையத்தில் மூட்டை தூக்கும் நாட்டாமை. நேற்றுக் காலை கொழும்பு பஸ்ஸின் கூரையில் ஒரு பயணப்பையை ஏற்றிக் கட்டியதுதான் அவர் செய்த வேலை. பஸ் புறப்படுவதற்கு முன் பைக்காரர் பையை இறக்கச் சொல்லித் திறந்து பார்த்தார். உள்ளே இருந்த சின்ன உலோகப் பெட்டியைக் காணவில்லை. 'கள்ளன்' என்று எவனோ கத்தினான். மிச்சத்தைச் சனம் பார்த்துக்கொண்டது. பொலிஸ் வந்து பிரித்தெடுத்தபோது கலந்தரின் வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. காணாமல் போன பெட்டி நிலையத்துக்குப் பின்னால் உள்ள கழிவுநீர்க் கானில் கிடைத்தது. உள்ளே வெறுமை.

இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதரல்ல. மேசையில் கிடந்த அந்தப் பெட்டியை ஹமீட் பக்கம் தள்ளிவிட்டார்.

"இவர் எடுத்திருப்பார் எண்டு எனக்கும் படேல்ல. ஆனா கச்சிமுகம்மது போடியார் முறைப்பாடு தந்திருக்கார். நாளைக்குக் காலமை கோட்டுல நிறுத்தவேணும். அதுக்கு முன்னம் நீங்க வேறொரு பேரைத் தந்தா, இவரை விடுறன்."

ஹமீட் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரியது. மூடியின் மூலைகளில் கடுகு போன்ற ஸ்குறூக்கள்.

"மூடி கழண்டா கிடந்தது?"

"எங்க! இறுக்கிப் பூட்டிக் கிடந்தது. எங்கட பொடியன் அதைத் திறக்கப் பட்ட பாடு."

ஹமீட் பெருமூச்சு விட்டார். "இதுல ஒரு ஸ்குறூவக் கடன் தாங்க. பின்னேரம் திருப்பித் தாறன்."

வெளியே ஆவணி வெயில். மேற்கே வயல் பக்கமிருந்து வறண்ட கச்சான் காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. ஹமீடுக்கு ஒரு கிழமையாக விட்டு விட்டுக் காய்ச்சல் காய்ந்தது. இருபது வருடம் நீதிமன்றத்தில் பிஸ்கால் வேலை பார்த்தவர். வீடு வீடாக அழைப்பாணை கொண்டுபோய்க் கொடுத்து, தன்னைக் கண்டாலே கதவைச் சாத்தும் சனத்தைப் பார்த்துச் சலித்தவர். வேலையை விட்ட பிறகு காணாமல் போன மாடு, கலியாணம் பேசிய மாப்பிள்ளையின் பழைய கதை என்று ஆட்கள் தேடி வந்தார்கள். துப்பறிவாளர் என்று பலகை தொங்கவிட்டால் கல்முனை சிரிக்கும் என்பதால் அவர் பலகை போடவில்லை. இந்த முறை அழைத்தவர் சாய்ந்தமருதில் பெரிய வயல்காரரான கச்சிமுகம்மது போடியார். களவு போனது அவருடைய மகனின் சாமான்.

மொறிஸ் மைனர் காருக்குள் கதவைத் திறந்து போட்டுப் படுத்திருந்த சீனித்தம்பி எழுந்தான். பாண்டிருப்பில் வாடகைக்கு ஹயர் ஓடுபவன். ஹயர் இல்லாத நேரத்தில் ஹமீடின் உதவியாளன். வாய்க்கு மட்டும் எந்த நேரமும் ஓட்டம்.

"என்ன காக்கா, உள்ள போனவரை விட உங்கட மூஞ்சிதான் ரிமாண்ட் மாதிரிக் கிடக்கு."

"சீனி, ஒருத்தன் அவசரமாக் களவெடுக்கான். பெட்டியத் திறந்து சாமான எடுக்கான். எடுத்துப்போட்டு, இந்தக் கடுகு ஸ்குறூவெல்லாத்தையும் திரும்ப வச்சி இறுக்கிப் பூட்டி கானுக்குள்ள எறியிறான். என்ன நினைக்காய்?"

"அவன் நம்மட ஊரான் இல்ல. நம்மட ஆக்கள் கறிச்சட்டிய எடுத்தா மூடியையே மூடமாட்டாங்க."

"போ. சாய்ந்தமருதுக்கு."

போடியாரின் வீட்டு வாசலில் போன மாதம் கட்டிய வரவேற்பு வளைவு இன்னும் நின்றது. 'வெற்றிடத்தை வென்ற எங்கள் மைந்தனே வருக' என்ற எழுத்துகளில் பாதியைக் காற்றுக் கொண்டுபோயிருந்தது. மைந்தன் அபுல் ஹஸன் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான்கு வருடமாக ஆராய்ச்சி செய்பவன். விடுமுறையில் வந்தவன், அந்தச் சாமானைக் கொழும்பு மாநாட்டில் ஒரு ஜப்பானியப் பேராசிரியரிடம் ஒப்படைக்கப் புறப்பட்டபோதுதான் இது நடந்தது. பேராசிரியர் அதைத் தன் கருவியில் வைத்து மறுபடி அளந்து பார்ப்பதாக ஏற்பாடு.

ஹஸன் கதிரையில் சுருண்டிருந்தான். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலைக் கறுப்பு நூலால் கட்டியிருந்தான். தூங்கி நெடுநாளான கண்கள்.

"சொல்லுங்க தம்பி. களவு போனது என்ன எண்டு தெரியாம நான் தேட ஏலா."

"ஒரு சிலிக்கன் துண்டு. நகத்துல காவாசி வரும். அதுல மூண்டு நாக்கு செதுக்கியிரிக்கி, மயிரிழைய விட மெல்லிசா. நாக்குக்கும் கீழ உள்ள தளத்துக்கும் நடுவுல ஒரு இடுக்கு. அந்த இடுக்குக்குள்ளதான் என்ட நாலு வருஷமும்."

"இடுக்குக்குள்ள என்ன இரிக்கி?"

"ஒண்டுமில்ல."

கதவு நிலையில் சாய்ந்து நின்ற சீனித்தம்பி இருமினான். "ஒண்டுமில்லாததையா களவெடுத்திருக்காங்க?"

போடியார் அவனை முறைத்தார். ஹஸன் கோபப்படவில்லை.

"காத்த முழுக்க உறிஞ்சி எடுத்தாலும் வெற்றிடம் சும்மா கிடக்கிறல்ல. அதுக்குள்ள ஒரு நடுக்கம் எப்பவும் இரிக்கி. சின்ன அலை, பெரிய அலை எல்லாம். ரெண்டு தகட்ட நல்லாக் கிட்டக் கொண்டு வந்தா, நடு இடுக்குல பெரிய அலைக்கு இடம் போதாது. வெளியால எல்லா அலையும் இரிக்கி. அதனால வெளித்தள்ளு கூட. ரெண்டு தகடும் ஒண்டையொண்டு நெருக்கும். ஒல்லாந்து விஞ்ஞானி ஒராள் நாப்பத்தெட்டாம் ஆண்டே கணக்குப் போட்டுச் சொன்ன விசயம்."

"ஒல்லாந்தன் இஞ்ச ஆண்ட காலத்துலயே கண்டுபுடிச்சிருந்தா வெறும் இடத்துக்கும் வரி போட்டிருப்பான்," என்றான் சீனித்தம்பி. "ஆனா விளங்குது தம்பி. பெருநாள் பஸ்ஸுல ரெண்டு பேருக்கு நடுவுல இடமில்ல, ரெண்டு பக்கத்தாலயும் சனம் தள்ளும். ஒட்டிக்கிட்டு நிக்கவேண்டியதுதான்."

ஹஸன் சிரிக்க முயன்றான். "கிட்டத்தட்ட அப்பிடித்தான்."

"இத வச்சி என்ன செய்யிற?" என்று கேட்டார் ஹமீட்.

"இப்ப எந்திரங்கள எறும்பளவுக்குச் சின்னனாக்கப் பாக்காங்க. இரத்தக் குழாய்க்குள்ள வச்சி அழுத்தம் அளக்க, வாகனம் மோதினா உணர. எல்லாத்துலயும் இப்பிடியொரு நாக்குத்தான் அசையும். சின்னனாகச் சின்னனாக அந்த இழுவை கூடி, நாக்கு கீழ போய் ஒட்டிடும். ஒட்டினா முடிஞ்சிச்சி. திரும்ப எழும்பாது, செத்த சாமான். நான் அந்த இழுவைய அளந்து, நாக்கு ஒட்டாம அந்தரத்துல நிக்கச் செய்த. இழுவையையே ஒரு சுவிச்சா வேலை வாங்கலாம் எண்டு காட்டின."

"மூண்டு நாக்கையுமா?"

"மூண்டையும்தான்!" என்று முந்திக்கொண்டார் போடியார். "வெள்ளைக்காரன்ட சஞ்சிகையில என்ட மகன்ட பேரு வந்திரிக்கி. அந்த நாட்டாமையிட வாயத் திறக்க வையுங்க ஹமீட். எங்க எறிஞ்ச எண்டு அவன் சொல்லுமட்டும் நான் முறைப்பாட்ட எடுக்கமாட்டன்."

ஹஸன் தரையைப் பார்த்தான்.

"ஆராவது ஒரு கண்ணாடிச் சில்லக் கொண்டு வந்து இதுதான் எண்டு தந்தா? நான் எப்பிடி அடையாளம் காணுற?" என்றார் ஹமீட்.

"கடிகாரம் திருத்துற ஆக்கள்ற கண்ணாடியால பாத்தாப் போதும். ஓரத்து நாக்கு ரெண்டும் பொன்னிறமாத் தெரியும். நடு நாக்கு தளத்தோட படிஞ்சி நீலமா இரிக்கும். அப்பிடியொண்டு வேற எங்கயும் இல்ல."

தாய் சல்மா உம்மா தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்தாள். போடியார் உள்ளே போனதும் ஹமீடின் பக்கம் குனிந்தாள்.

"கிடைக்காட்டியும் நல்லம் தம்பி. கிடைச்சா மறுகா லண்டன். நாலு வருஷத்துல புள்ள எலும்பாப் போயிட்டான்."

கல்முனைப் பிரதான வீதியில் தங்கரத்தினத்தின் கடிகாரக் கடை. கண்ணில் மாட்டிய கறுப்புக் குழாய்க் கண்ணாடியைக் கழற்றாமலே அவர் ஸ்குறூவை உள்ளங்கையில் உருட்டினார்.

"இதைக் கழட்ட நுனி கூரான ஸ்குறூட்றைவர் வேணும். இந்தப் பக்கத்துல என்னட்டத்தான் இருக்கு. இப்ப என்னட்டயும் இல்ல."

"எங்க அண்ணன்?"

"பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம் சல்மா உம்மா வந்து இரவல் கேட்டா. போடியார் வீடெண்டா இல்லையெண்டு சொல்லேலுமா? மகனுக்குக் கண்ணாடிக் கால் கழண்டு போச்சாம்."

காரில் ஏறியதும் சீனித்தம்பி துள்ளினான். "முடிஞ்சிது காக்கா! கண்ணாடிக் கால் இன்னும் நூலிலதானே தொங்குது? கிழவிதான் கழட்டியிருக்கா. மகன் போகாம இருக்கச் சாமான ஒழிச்சிட்டு, வெறும் பெட்டியப் பூட்டி வச்சிட்டா."

"வெறும் பெட்டி கானுக்குள்ள எப்பிடிப் போன?"

"அது…" சீனித்தம்பி கியரை மாற்றினான். "கால் முளைச்சிருக்கும்."

ஹமீட் கண்களை மூடிச் சாய்ந்தார். தாய்தான் என்றால் எல்லாம் இலகு. ஒரு தாயின் பைத்தியக்காரத்தனம் என்று ஊர் இரண்டு நாள் சிரித்துவிட்டு விட்டுவிடும். அப்படியே இருக்கட்டும் என்று அவருடைய உடம்பு ஆசைப்பட்டது. ஆனால் கண்ணை மூடினால் அந்த நீல நாக்கு வந்து நின்றது. ஏன் வந்து நிற்கிறது என்று சந்தாங்கேணி மைதானத்தைத் தாண்டும்போதுதான் விளங்கியது. விளங்கியதும் களைப்பு இன்னும் கூடியது.

சல்மா உம்மா தையல் மெசின் லாச்சியைத் திறந்து ஸ்குறூட்றைவரை எடுத்துக் கொடுத்தாள். மறைக்க அவளிடம் எதுவும் இல்லை.

"மகன்தான் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டான், கண்ணாடிக்கு எண்டு. அடுத்தநாள் விடிய மெசினுக்கு மேல வச்சிரிந்த. என்ன தம்பி, ஏன் இப்பிடிப் பாக்கீங்க?"

"மகன் எங்க ராத்தா?"

"கடற்கரைக்குப் போனான்."

கரைவலை இழுக்கும் ஆட்கள் 'ஏலே ஏலோ' போட்டுக்கொண்டிருந்தார்கள். கரையேற்றிய தோணியொன்றின் நிழலில் ஹஸன் இருந்தான். ஹமீட் பக்கத்தில் மணலில் மெல்ல இறங்கி உட்கார்ந்தார். எழுந்திருப்பது பிறகு பார்க்கவேண்டிய விஷயம்.

"தம்பி, நாக்கு ஒட்டினா செத்த சாமான் எண்டு நீங்கதான் சொன்னீங்க. மூண்டு நாக்கும் ஒட்டாம நிக்கிறதுதான் உங்கட சாதனை. மறுகா அடையாளம் கேட்டா, நடு நாக்கு தளத்தோட படிஞ்சி நீலமா இரிக்கும் எண்டீங்க."

ஹஸன் திரும்பவில்லை.

"கள்ளன்ட கையில போன பொறகு அது ஒட்டியிருந்தா, உங்களுக்குத் தெரிய வழியில்ல. முன்னமே ஒட்டியிருந்தா, ஜப்பான்காரர்ட குடுக்க உங்களிட்ட ஒண்டுமில்ல. காணாமப் போனாத்தான் உங்களுக்கு லாபம்."

வலைக்காரர்களின் குரல் ஒருமுறை எழுந்து அடங்கியது. ஹஸன் சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு நெருப்புப் பெட்டியை எடுத்து மணலில் வைத்தான்.

"ஒரே ஒரு தரம் சரியா வந்த காக்கா. ஒரு பின்னேரம். கணக்கு சொன்ன மாதிரியே இழுவை வந்த. அத சஞ்சிகைக்கு எழுதி அனுப்பிட்டன். மறுகா எத்தினை தரம் செய்தும் வரல்ல. நான் அளந்தது வெற்றிடத்தையா, ஈரத்தையா, தூசியையா எண்டு இன்னமும் எனக்குத் தெரியா. மாசி மாசம் நடு நாக்கு ஒட்டிப்போன. அவர் நுணுக்குக்காட்டியில வச்சா உடனே விளங்கிடும்."

"அதச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் ஊருக்கு வந்த. வந்து இறங்கினா வாப்பா வளைவு கட்டியிருந்தாரு."

பயணத்துக்கு முதல்நாள் இரவே சிலிக்கன் துண்டை எடுத்துவிட்டான். வெறும் பெட்டியைக் காற்சட்டைப் பையில் கொண்டுபோய், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒதுங்கப் போகும் சாக்கில் கானில் போட்டான். பெட்டி நீரோடு போய்விடும், சாமான் தொலைந்தது என்று எல்லாரும் வருத்தப்படுவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தான்.

"ஏன் மூடியத் திரும்பப் பூட்டின?"

"பழக்கம். திறந்த பெட்டிய மூடாம வைக்கக் கை விடாது."

"துண்டையும் எறிஞ்சிரிக்கலாமே."

ஹஸன் நெருப்புப் பெட்டியை விரலால் தொட்டான். "ஏலாமப் போன."

ஹமீட் கேட்க விரும்பாத கேள்வியொன்று இன்னும் மிச்சமிருந்தது. "கலந்தர அடிக்கக்குள்ள நீங்க எங்க நிண்ட?"

"பஸ்ஸுக்குப் பக்கத்துல. நாலு எட்டுத் தூரத்துல." அவன் கண்ணாடியைக் கழற்றினான். "நிப்பாட்டுங்க எண்டு சொல்ல வாயெடுத்தன். நாக்கு எழும்பல்ல."

பின்னால் மணல் அரைபட்டது. சல்மா உம்மா நின்றாள். எவ்வளவு கேட்டாள் என்பது முகத்திலேயே இருந்தது. அவளைத் தடுக்க ஓடிவந்த சீனித்தம்பி மூச்சுவாங்கினான்.

"நான்தான் எடுத்த எண்டு சொல்லுறன்," என்றாள். "புள்ள திரும்பிப் போகாம இருக்க ஒழிச்ச எண்டு. உம்மா மகன்ட சாமான ஒழிச்சா ஆரு மறியல்ல அடைக்கிற? அந்த மனிசனும் வெளிய வருவாரு. என்ட புள்ளட பேரும் கெடாது. என்ன தம்பி?"

ஹஸன் நெருப்புப் பெட்டியை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். ஹமீட் கடலைப் பார்த்தார். பொய்தான். ஆனால் கலந்தர் இன்றைக்கே வெளியே வருவார். காய்ச்சல் மறுபடி முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுக்கலாம்.

"சரி," என்றார். அந்தச் சொல் அவருக்கே பிடிக்கவில்லை.

பொலிஸ் நிலையத்தில் போடியார் ஏற்கனவே வந்திருந்தார். சாமான் கிடைத்ததென்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. மனைவி வாய் திறந்ததும் அது சுருங்கியது.

"நான்தான் பெட்டிய…" என்று தொடங்கினாள் சல்மா உம்மா. "எனக்கு வயசு போன மூளை. மகன் போயிடுவான் எண்ட பயத்துல…"

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். கூண்டுக்குள் கலந்தர் எழுந்து நிற்க முயன்றார். எழும்பும்போது கை சுவரில் பட்டுவிட்டது போலும். சத்தம் பெரிதாக வரவில்லை, நாய்க்குட்டி முனகுவது போல ஒன்று.

ஹஸன் அந்தப் பக்கம் திரும்பினான்.

"உம்மா, போதும்," என்றான். "நான்தான் சேர். பெட்டியக் கானுக்குள்ள போட்டதும் நான்தான். உம்மாக்கு ஒண்டும் தெரியா. அந்தச் சாமானே பழுது. பழுதெண்டு தெரிஞ்சிதான் களவெண்டு சொன்ன."

மேலே மின்விசிறி சுற்றியது. இன்ஸ்பெக்டர் எழுதியதைக் கோடிழுத்து வெட்டினார்.

"பழுதா?" என்றார் போடியார்.

"ஓம் வாப்பா. நான் ஒண்டையும் வெல்லல்ல."

போடியார் மகனைப் பார்க்கவில்லை. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, மறுபடி எடுத்துத் தட்டி, மறுபடி வைத்தார். பிறகு படியிறங்கிப் போனார். அவருடைய லொறி புறப்படும் சத்தம் கேட்டது. சல்மா உம்மா பின்னால் போகவில்லை. மகனுக்குப் பக்கத்தில் மர வாங்கில் உட்கார்ந்துகொண்டாள்.

"நாளைக்குக் கோட்டுக்கு நீங்கதான் வரவேண்டி இருக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர். ஹஸன் தலையாட்டினான். நேற்றிலிருந்து முதல் முறையாக அவன் தோள்கள் இறங்கியிருந்தன.

கூண்டைத் திறந்தார்கள். கலந்தர் உடைந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். காலையிலிருந்து வாசலில் காத்திருந்த அவர் மனைவி சபியா உம்மா ஓடிவந்து அவர் இடுப்புச் சாரன் மடிப்பைச் சரிசெய்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சீனித்தம்பி காரை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினான்.

கலந்தர் ஹஸனுக்கு முன்னால் நின்றார். அடிப்பாரோ என்று ஹமீட் ஓரடி முன்னே வைத்தார்.

"சாமான் கிடைச்சிச்சா தம்பி?"

ஹஸன் நெருப்புப் பெட்டியைத் திறந்து நீட்டினான். பஞ்சின் மேல் ஒரு சின்ன மினுக்கம். கலந்தர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுவா?"

"ஓம் நானா."

"இதுக்குள்ள என்ன இரிக்கி?"

ஹஸன் பெட்டியை இன்னும் கிட்டக் கொண்டுபோனான். "எடுத்துப் பாருங்க," என்றான். "பாருங்க நானா, பரவாயில்ல."

கலந்தரின் இடது கை பெட்டியை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. கையை இழுத்து மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்," என்றார். "தொட்டு ஏதும் உடைஞ்சா, மறுகா அதுக்கும் நான்தான்."